வண்டி நிற்கும்போது வரைந்தவர்

திங்கட்கிழமை காலை ஊர்காம் நிலையத்தில் வண்டி வந்து நின்றது. நான் ஏறிப் பார்த்தபோது ஜன்னலோர இருக்கையில் நீல நிறச் சாப்பாட்டுப் பை இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்தப் பைதான் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. இந்திராணி அக்கா எனக்கு முந்தைய நிலையமான சாம்பியன் ரீப்ஸில் ஏறி, தமக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அன்று அங்கே பாக்கியம் அக்கா இருந்தார். பெண்கள் பெட்டி முழுவதும் கேட்கும்படி பேசுகிற அவர், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் காதோரம் சொன்னார்.

"இந்திராணி பூட்டாடி சுமதி. நேத்து மத்தியானம். துணி தொவச்சினு இருந்தவ தல வலிக்குதுன்னு உக்காந்தாளாம். கோலாருக்குத் தூக்கினு போனாங்க. போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

வண்டி நகர்ந்துவிட்டது. என் தோள்பைக்குள் அக்காவின் நோட்டு இருந்தது. சனிக்கிழமை மாலை அவர் என்னிடம் கொடுத்தது, அன்று காலை நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது. அடுத்த நிலையத்தில் நானும் பாக்கியம் அக்காவும் இறங்கி அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் அந்தப் பையை மடியில் இறுக்கிக்கொண்டே வந்தேன்.

இந்திராணி அக்காவை அறிந்தவர்களில் பலர் அவரை ஒரு ஜன்னலோரமாகத்தான் அறிவார்கள். ஒல்லியான உருவம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கூந்தல், வலது கைப் பெருவிரலில் எப்போதும் ஒரு நீல மைக்கறை. பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் வரும் ரத்தத்துக்குப் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டுவது அவர் பொறுப்பு. சுண்டுவிரல் அளவு குழாயில் முழுப் பெயரையும் ஊரையும் அடங்க எழுதிவிடுவார். "பேரு மாறிப்போச்சுன்னா ஒருத்தரு நோவு இன்னொருத்தருக்குப் பூடும் சுமதி" என்பார். அவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரைச் சந்தித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பெயின்டர், அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தவர். நான் சேர்ந்திருந்த காப்பீட்டு அலுவலகத்தில் யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் வாய் திறக்காது. ஒரு மாலை திரும்பும் வண்டியில் சான்றிதழ் கோப்பை மார்போடு அணைத்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். வழியில் பலமுறை வண்டி நெடுநேரம் நின்றது; எதிரே இருந்த இந்திராணி அக்கா மடியில் இருந்த நோட்டின்மேல் குனிந்திருந்தார். பங்காருப்பேட்டை வந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினார். அதில் கோப்பைப் பிடித்திருக்கும் என் கை இருந்தது. நகத்தின் வெடிப்பு, கண்ணாடி வளையலின் ஒட்டுப்போட்ட இடம், உறையின் கிழிந்த மூலை எல்லாம் நூலிழைக் கோடுகளால் நிறைந்திருந்தன.

"எப்பிடி இறுக்கிப் புடிச்சினு கீது பாரு இந்தக் கை" என்றார். "அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீ மூக்கத் தொடச்சிக்க."

அவர் வரைகிற முறை வேறு யாரிடமும் நான் காணாதது. ஓடும் வண்டியில் அவர் ஒரு கோடுகூடப் போடமாட்டார். மெல்லிய முனைப் பேனாவை விரல்களுக்கிடையே பிடித்தபடி காத்திருப்பார். வண்டி நின்றால் மட்டும் பேனா இறங்கும். நிலையத்தில் நிற்கும் இரண்டு நிமிடத்தில் ஒரு செருப்பின் வார், சிக்னலுக்காக நிற்கும் பத்து நிமிடத்தில் கம்பியில் தொங்கும் ஒரு பை. இப்படி ஒரு படம் முடிய மூன்று வாரம்கூட ஆகும். கிருஷ்ணராஜபுரம் தாண்டி வண்டி நின்றுவிட்டால் நாங்கள் எல்லோரும் கைப்பேசியில் மணி பார்த்துப் பதறுவோம். அவர் முகம் மட்டும் தெளிந்துவிடும்.

"நம்ம வயித்தெரிச்சல்ல இவளுக்கு வரைஞ்சாவுது! சிக்னல்காரனுக்குக் கோயிலு கட்டிக் கும்புடுவா போலக்கீது" என்பார் பாக்கியம் அக்கா.

"கட்டுனா உன்னத்தான் பூசாரியா வைப்பேன். மணியே வேணாம், உன் தொண்டை போதும்" என்பார் இந்திராணி அக்கா, தலை நிமிராமலே.

பாக்கியம் அக்காவுக்குத் தம்மை வரையச் சொல்லித் தீராத ஆசை. புதிதாக மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்த நாளில் கட்டாயப்படுத்தி உட்கார்ந்தார். அக்கா மூன்று வாரம் வரைந்தார். முடித்துக் காட்டியபோது அதில் இருந்தவை பாக்கியம் அக்காவின் செருப்புகள். ஒன்றின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"அடிப்பாவி! மூஞ்சியப் போடச் சொன்னா செருப்பப் போட்டுக்கீறா பாரு!"

"மூஞ்சிய எல்லாரும் பாக்கறாங்க. நீ இந்த ஊக்கு குத்தின செருப்போட ஓடி வந்து வண்டியப் புடிக்கிறத யாரு பாக்கறாங்க?"

பாக்கியம் அக்கா சிரித்தார். பிறகு ஜன்னல் வழியே, தங்கச் சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முகங்களை அவர் வரைந்ததில்லை. உறங்கும் கைகள், மடித்த போர்வைகள், ஜன்னல் கம்பியின் துரு. ஆனால் ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு மூலையில் ஒரு பாலாடை இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் அந்தச் சிறு கிண்ணம். வாய்ப்பகுதியில் ஒரு நசுங்கல். படத்தின் மற்றதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக அதை வரைந்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார். என் கையை வரைந்த படத்திலும் வளையலின் நிழலுக்குள் அது இருந்தது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும் கேட்கத் துணிவு வரவில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார்.

அவருக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், அவர் கணவர் தேவராஜ் அண்ணன் தொட்டில், சட்டை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டார். கண்ணில் பட்டால் மனைவி தாங்கமாட்டார் என்று நினைத்திருக்கிறார். அதன்பின் அந்த வீட்டில் குழந்தையின் பேச்சே எழவில்லை.

"பாலாடையும் பூடுச்சு" என்றார் அக்கா. "அவரு மேல எனக்குக் கோவம் இல்ல சுமதி. எனக்குன்னுதான் செஞ்சாரு. ஆனா அது எப்பிடி இருந்துச்சுன்னு மறந்துட்டா இன்னா பண்றது? அதான் போட்டுப் போட்டு வெக்கிறேன்."

நோட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகாததற்கும் அதுவே காரணம். "அவரு கண்ணுல பட்டா பாலாடையக் கண்டுபுடிச்சிடுவாரு. பாவம், தாங்கமாட்டாரு. உன்கிட்டயே இருக்கட்டும். வீட்டுக்கு மட்டும் வர வேணாம்." மாலையில் நான் முதலில் இறங்குவேன், அப்போது நோட்டு என் கைக்கு வரும். காலையில் ஏறியதும் அவரிடம் திருப்பிக் கொடுப்பேன். பேனாவை மட்டும் அவர் தம் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் செருகிக்கொள்வார். மை தீர்ந்துவிட்டால், "பரவால்ல, நாளைக்கு எழுதும்" என்பார். மறுநாள் எழுதும். வீட்டில் மாற்றிக்கொண்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிச் சனிக்கிழமை மாலை, பங்காருப்பேட்டைக்கு முன்னால் வண்டி நீண்ட நேரம் நின்றது. அவர் ஜன்னலையும் அதில் மாட்டியிருந்த என் குடையையும் வரைந்துகொண்டிருந்தார். குடையின் மடிப்புகள் முடிந்தன. கம்பியும் முடிந்தது. பேனாவைத் தூக்கிக் காலியாக இருந்த கீழ்மூலையைப் பார்த்தார். வண்டி குலுங்கிப் புறப்பட்டது.

"போவட்டும், திங்கக்கெழம" என்று மூடினார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் நான் ஓரமாக நின்றேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளின் குறுகிய சந்து முழுவதும் ஆட்கள். தேவராஜ் அண்ணனை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் ஒப்பந்த வெல்டர். யார் கையைப் பிடித்தாலும் தலையாட்டினார். நோட்டு என் பையிலேயே இருந்தது. அக்காவோடு அதை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் சொல்ல என்னால் முடியவில்லை. என் கூச்சத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொல்கிறேன்.

அதன்பின் பதினைந்து நாள் அந்த நோட்டு என் வீட்டு அலமாரியில் இருந்தது. கொடுத்தால் அக்காவுக்குத் தந்த வாக்கை மீறியதாகும். கொடுக்காவிட்டால் அவர் கணவர் ஒருநாளும் பார்க்காத ஓர் அக்காவை நான் ஒருத்தி மறைத்து வைத்துக்கொண்டதாகும். தாங்கமாட்டார் என்று அக்காவே சொல்லியிருக்கும்போது, தாங்குவார் என்று முடிவு செய்ய நான் யார்? கடைசியில் பாக்கியம் அக்காவிடம் கேட்டேன்.

"அவ வேணாம்னு சொன்னப்போ அந்தாளுக்குப் பொண்டாட்டி இருந்தா" என்றார். "இப்ப இன்னா கீது அவருக்கு? வா, நானும் கூட வர்றேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் புறப்பட்ட பிறகு போனோம். பாக்கியம் அக்கா, "பேசு" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். வழியில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. நோட்டை நீட்டி, "அக்கா வரைஞ்சதுண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தீக்காயத் தழும்புகள் நிறைந்த விரலை ஒரு மூலையில் வைத்தார்.

"இந்த நசுங்கல், நான் கீழ போட்டது" என்றார்.

அடுத்த பக்கம். விரல் தேடிப்போய்ப் பாலாடையில் நின்றது. அதற்கடுத்த பக்கம். பாதி நோட்டில் தலை நிமிராமலே கேட்டார்:

"அவ எம்மேல கோவமா இருந்தாளாம்மா?"

"இல்லண்ணா. எனக்குன்னுதான் செஞ்சாருன்னு சொன்னாங்க." அக்காவின் சொற்களை அப்படியே சொன்னேன். மறந்துவிடுவோமோ என்று பயந்துதான் வரைந்தார் என்பதையும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே வியப்பாக இருந்தது.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சிறு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு பேனா ரீஃபில்கள்.

"பை சைடு பாக்கெட்ல பேனா இருக்கும். கிறுக்கிப் பாத்து மை வரலன்னா மாத்தி வெச்சிடுவேன். அவ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. எத்தினி வருசம்... இவ்ளோ மை எங்கதான் போவுதுன்னு நெனச்சிப்பேன். கேட்டா நிறுத்திடுவாளோன்னு பயம்."

நாளைக்கு எழுதும் என்று அக்கா ஏன் அத்தனை உறுதியாகச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருக்கவில்லை. ஒரு காலிப் பேனா போகும், மை நிரம்பித் திரும்பி வரும். அவர்கள் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டது அப்படித்தான். ஆனாலும் இந்த நோட்டை இருவரும் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிப் படத்துக்கு வந்தார். ஜன்னல், கம்பி, என் குடை. விரல் மேலே போனது, ஓரமெல்லாம் சுற்றியது, கீழ்மூலையில் வந்து தங்கியது.

"இதுல இல்லியேம்மா."

"வண்டி கெளம்பிடுச்சுண்ணா" என்றேன்.

அவர் தலையசைத்தார். நோட்டை மூடி, இரண்டு ரீஃபில்களையும் அதன்மேல் வைத்தார். அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் அவருக்கு வந்தது. பாக்கியம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

இப்போது காலையில் அந்த ஜன்னலோரத்தில் நான் உட்காருகிறேன். எனக்கு வரையத் தெரியாது, வரையவும் போவதில்லை. நேற்று கிருஷ்ணராஜபுரம் தாண்டி வண்டி நின்றது. பெட்டியில் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. பாக்கியம் அக்கா மணி பார்க்க எடுத்த கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார். வெளியே காற்றில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் என் மடியில் அசையாமல் கிடந்தது.

அக்கா, வண்டி நிக்குது. சிக்னல் இன்னும் விழல. நிதானமாப் போடுங்க.