மஞ்சள் தடவிய அரிசி

காலையில் பால் காய்ச்சும் முன்னாலேயே பெரியப்பாவின் குரல் என் போனில் வந்து காத்துக்கொண்டிருக்கும். அவருக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப மட்டும் யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான் போகும். மனசை அமைதியாக வையுங்கள், நான் என்கிற நினைப்பை விடுங்கள், எல்லாரிடமும் கோவிந்தனைப் பாருங்கள். கீழே வரிசையாகக் கும்பிடு போடுவார்கள். நான் போட்டதில்லை.

அமைதி வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் தினம் விளக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருகிறவள்தான். எனக்குப் பயம் அதிகம். கேஸை மூடினேனா, பஸ்ஸில் போன பிள்ளை சரியாக இறங்கியதா, தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேனா என்று எதையாவது பிடித்துக்கொண்டு அரித்துக்கொண்டே இருப்பேன். இந்தப் பயத்தினால்தான் ஒன்பதாவதோடு படிப்பும் நின்றது. கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைப் பாருங்கள், சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். பார்க்கிறேன். பயம் அடங்கத்தான் அடங்குகிறது. அடங்கின இடத்தில் அமைதி வர வேண்டும், இல்லையா? எனக்குக் கோபம் வருகிறது. அதுவும் ஒரு சொம்பு அரிசிக்காக.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், திருப்பதி ரோட்டை ஒட்டி இருக்கிறது. புரட்டாசி பிறந்தால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மலைக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பெரியப்பா ரோட்டோரம் பந்தல் போட்டு அவர்களுக்கு மோர் கொடுப்பார். கால் வீங்கி வருகிறவர்களை உட்காரவைத்து, தன் கையாலேயே கால் கழுவிவிட்டு, அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சாமி மனுஷன் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புரட்டாசி சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் பிச்சை எடுக்கிற வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, சொம்புக்கும் நாமம் இட்டு, வீடு வீடாகப் போய் "கோவிந்தா" என்று நிற்க வேண்டும். விழுகிற அரிசியைப் பொங்கித்தான் பெருமாளுக்குத் தளிகை போட வேண்டும். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் கிடந்தாலும் அன்றைக்குக் கை நீட்டியே ஆக வேண்டும். நான் ஏழாவது படித்த வருஷம் சொம்பு என் கைக்கு வந்தது.

எனக்கு உயிரே போனது. கூடப் படிக்கிற பையன்கள் பார்ப்பார்கள், திங்கட்கிழமை வகுப்பில் என்னைப் பார்த்து "கோவிந்தா" என்று கத்துவார்கள் என்று முன்தினமே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா என் மோவாயைப் பிடித்து நாமம் இட்டுக்கொண்டே சொன்னார்.

"கை நீட்டினாதான் கண்ணு, நான்ற திமிரு போவும். சொம்பு கையில இருக்கறப்போ நீ யாரு வூட்டுப் பொண்ணும் இல்ல. எந்த வூடுன்னு பாக்காத. கோவிந்தான்னு கூப்ட்டா எல்லாம் ஒரே வூடுதான்."

நான் நம்பினேன். பயப்படுகிற பிள்ளைகள் சொன்னதை அப்படியே செய்யும். எதையாவது விட்டுவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் நின்றேன். தெரு முடிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. எல்லாம் ஒரே வீடு என்றால் அங்கேயும் வீடு இருக்கிறதே? அதோடு என் பெஞ்சுக்காரி இருந்ததும் அங்கேதான். தெலுங்கு வாத்தியாரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி இது, ஆட்டுக்குட்டிக்கு நாமம் போட்டாப்ல!"

"போடி. அரிசி போடு."

"எங்க வூட்லியா?"

அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். எங்கள் நிலத்தில் கூலிக்கு வருகிறவர்தான். அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"வூட்ல சொல்லிக்கினு வந்தியா பாப்பா?"

"பெரீப்பாதான் அனுப்பிச்சாரு. எந்த வூடுன்னு பாக்காதன்னாரு."

"அப்டியா சொன்னாரு?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

"போடும்மா, அவளுக்குக் கை நோவுது பாரு," என்றாள் இவள்.

உள்ளே போனவர் வர வெகுநேரம் ஆனது. கைகால் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, முறத்தோடு வந்தார். ரேஷன் அரிசி, குண்டு குண்டாக இருந்தது. கல் பொறுக்கி, மஞ்சள் தடவியிருந்தார். "சாமிக்குப் போறது, வெறும் அரிசியா எப்டிப் போடறது?" என்றார். முறத்தை உயரத் தூக்கி, சொம்பின் விளிம்பில் படாமல் சரித்தார். கீழே சிந்தினதைப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டு, நாமத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குத் தாங்காத சந்தோஷம். "மத்தியானம் தளிகைக்கு வந்துடுடி. உங்க அரிசியாலதான் பொங்கல் மஞ்சளா வரப் போவுது," என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பெரியப்பா சொம்பைச் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். உள்ளே பார்த்தார்.

"இது இன்னா கண்ணு, மஞ்சளா? யாரு வூட்ல போட்டாங்க?"

பெருமையாகச் சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவருடைய தம்பி, என் நைனா, அங்கேயே நின்றிருந்தார். தரையைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். "தெரியாத கொயந்த, கோவிந்தா," என்றார் பெரியப்பா. தோட்டத்து மூலைக்குப் போய் சொம்பைக் கவிழ்த்தார். எங்கள் தெரு அரிசியும் அதோடு போனது, கலந்துவிட்டதே. கோழிகள் ஓடி வந்தன. காலி சொம்பை என் அம்மாவிடம் நீட்டி, "புளி போட்டுத் தேச்சி, நெருப்புல காட்டிட்டு எடுத்துக்கினு வாம்மா," என்றார். அம்மாவும் வாங்கிக்கொண்டு போனாள்.

"நீதான சொன்னே! எல்லாம் ஒரே வூடுன்னு நீதான சொன்னே!" என்று நான் கத்தினேன். வீட்டில் அவரை எதிர்த்து யாரும் கத்தியதில்லை.

"சொன்னேன் கண்ணு. அது வேற, இது வேற." தோளைப் பிடித்து மெதுவாக அழுத்தி என்னைச் சாமி படத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். "கண்ண மூடிக்கோ. கோவிந்தா கோவிந்தான்னு உள்ளியே சொல்லு. கோவம் தானா எறங்கிடும்."

கண்ணை மூடினேன். வேறு என்ன செய்வது? தோட்டத்தில் கோழிகள் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும், கண்ணை மூடி மூச்சைப் பார் என்றால் எனக்குக் கேட்பது அதுதான். கத்துகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் பயம். அந்த மனுஷருக்கு அன்றைக்கு உள்ளே எதுவும் அசையவில்லையே! அதற்குப் பெயர் அமைதி என்றால், அதைக் கொண்டுபோய் அவருடைய பந்தலிலேயே கட்டித் தொங்கவிடட்டும். எனக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டு மூட்டையிலிருந்து அரிசி எடுத்துத் தளிகை ஆனது. பொங்கல் வெள்ளைவெளேரென்று இருந்தது. கூட்டமாகக் "கோவிந்தா" போட்டார்கள். நான் வாசலுக்கு வந்தேன்.

அவள் வந்திருந்தாள். தலைக்குக் குளித்து, பச்சைப் பாவாடை கட்டி, தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கோழிகள் தின்று தீர்த்தது போக, மண்ணில் அங்கங்கே மஞ்சள் மஞ்சளாக மீதி இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "பொங்கல் எடுத்துக்கினு வர்ட்டா?" என்றேன்.

"எங்கம்மா கிட்ட சொல்லிடாத," என்றாள்.

"கேட்டாங்கன்னா?"

"துன்னேன், நல்லா இருந்திச்சின்னு நான் சொல்லிக்கறேன். நீயும் அப்டியே சொல்லு."

போய்விட்டாள். அரிசி வீணானது தெரிந்தால் வீட்டில் அடி விழும், அதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்போது பயம் என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும். இப்போது அவள் திருப்பதியில் இருக்கிறாள். எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொள்வோம், சிரிப்போம். அரிசியைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

அடுத்த வாரம் எங்கள் நிலத்தில் கடலை பிடுங்க ஆட்கள் வந்தார்கள். அம்மா என்னிடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். என் பெஞ்சுக்காரியின் அம்மா செடியை உதறிக்கொண்டே தலை நிமிர்ந்தார்.

"இன்னா பாப்பா, தளிகை ஆச்சா?"

"ஆச்சி."

"என் அரிசி வெந்திச்சா?"

"வெந்திச்சி."

"பெருமாள் துன்னாரா?"

"துன்னாரு," என்றேன்.

அவர் சிரித்தார். பக்கத்து வரிசைப் பெண்களும் சிரித்தார்கள். வேடிக்கையாக எதுவும் சொல்லாதபோது பெரியவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"எம்பொண்ணும் அதான் சொல்றா. ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாளாம்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவ கேட்டா, உங்கம்மா நம்பிட்டாங்கன்னு சொல்லு பாப்பா. அப்டியே இருக்கட்டும்," என்றார்.

அதுவும் எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் மண் கையைத் தட்டிவிட்டு, குனிந்து, வாயருகில் இரண்டு கையையும் குவித்தார். நான் சொம்பை உயரத் தூக்கி, அவர் கையில் படாமல் தண்ணீரை ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்படி ஊற்ற எனக்கு எப்போது யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.