லீடராக இருந்த நாட்கள்

மந்திரக்கோல் கையில் வந்ததும் கொடியவனாகிவிடும் இளவரசனின் கதையை மகளுக்கு வாசித்தேன். "நல்லவன்தானம்மா, எப்படிக் கெட்டுப்போனான்?" என்றாள்.

ஜெயங்கொண்டத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது டீச்சர் என்னை லீடராக்கி, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார். முதல் வாரம் நியாயமாகத்தான் எழுதினேன். பிறகு, மாட்டிக்கொள்ளாமலிருக்கப் பிள்ளைகள் முந்திரிப்பழம் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் பழத்தைவிட இனித்தது. எதுவும் தராத என் தோழி செல்வியின் பெயரை, அவள் பேசாமலிருந்தபோதே எழுதினேன். டீச்சர் அவளை முட்டிபோட வைத்தார்.

"நான் பேசவே இல்லடி, ஒனக்கே தெரியும்ல?" என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் செல்வியும் ஒரு பழத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "எனக்கு லீடர் வேணாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்பதை மகளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.