கூட்டத்தின் நடுவே சம்பியன்

சிவப்புத் துணிப்பை அது. உள்ளே கையுறைகளும் வியர்வை துடைக்க ஒரு துவாயும். எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, அதைத் தோளில் போட்டுக்கொண்டு லண்டனில் குத்துச்சண்டை மண்டபம் ஒன்றின் வாசலை நோக்கிச் சம்பியனுக்குப் பின்னால் நடந்தேன்.

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேலறையில் அவர் இருந்தார். டேர்பனில் பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழரின் கொள்ளுப்பேரன். தமிழில் இரண்டு மூன்று சொற்களே தெரியும். தென்னாப்பிரிக்காவின் குத்துச்சண்டைச் சம்பியன். ஆனால் பட்டம் வென்ற அன்று, எதிரே இருந்த உணவகத்தில் வெள்ளையரோடு உட்கார்ந்து சாப்பிட அவருக்கு அனுமதியில்லை. லண்டனுக்கு வந்தால் உலகப் பட்டத்துக்கு வழி திறக்கும் என்று நம்பி வந்திருந்தார்.

வாசலில் பதாகைகளோடு ஒரு கூட்டம். இனவெறி நாட்டின் வீரர்களைப் புறக்கணிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் லூயிஷாமில் இருந்த என் அண்ணை நின்றார்.

“தம்பி, நீ இஞ்ச என்ன செய்யிறாய்?”

“இவர் எங்கட மேலறைக்காரர், அண்ணை. எங்கட ஆள்.”

“ஓம், தெரியும். ஆனா அந்த நாட்டின்ர பேரிலதானே மேடையில ஏறப்போறார்.”

அண்ணை சொன்னதைச் சம்பியன் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டறிந்தார். “அவர் சொல்வது சரி” என்றார். பிறகு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சரி என்றால் ஏன் போகிறார்?

அன்று அவர் வென்றார். ஆனால் ஆர்ப்பாட்டத்துக்குப் பயந்து, அதன்பின் அவரை யாரும் போட்டிக்கு அழைக்கவில்லை. பிழைப்புக்கு ஒரு கிடங்கில் பெட்டிகள் ஏற்றினார். ஆனாலும் விடியற்காலை ஓட்டத்தை விடவில்லை. எந்தச் சண்டைக்காக ஓடுகிறார் என்று விளங்கவில்லை. அண்ணையின் மீது கோபப்படவும் முடியவில்லை. அவர் கேட்டதும் நியாயம்தானே.

தொண்ணூறுகளில் இனவெறிச் சட்டங்கள் போய், அந்நாட்டு வீரர்கள் மீதான தடையும் நீங்கியபோது சம்பியனுக்கு வயது கடந்திருந்தது. ஒரு மாலை, லண்டனில் நடந்த தென்னாப்பிரிக்க இளைஞன் ஒருவனின் சண்டையை அவரும் அண்ணையும் நானுமாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இம்முறை மண்டப வாசலில் யாரும் கத்தவில்லை. அவன் வென்றான். அண்ணை தயங்கி, அன்று தாங்கள் செய்தது பிழையோ என்று அவரிடம் கேட்டார்.

“இல்லை” என்றார் சம்பியன். “நீங்கள் வெளியே நின்றபடியால்தான் இந்தப் பையன் இன்று உள்ளே நிற்கிறான்.”

எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

“ஆனால் எனக்கு இன்னும் ஒரு சண்டை தந்திருக்கலாம்.”

அண்ணை என்னைப் பார்த்தார். யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல், நான் தேத்தண்ணி போட எழுந்து போனேன்.