‘ஹோம்’ என்ற சொல்லுக்குச் சொந்தம் தேடியது

1. கவுண்டரில் பரப்பிய கார்டுகள்

“…அப்ப இதே பாட்டோடை இன்னும் எத்தினை பேரை அனுப்பி வைச்சனீங்கள், பிள்ளை?”

கேட்டவர் பிலோமினா அக்கா. மன்னார்க்காரர். இப்போது இந்தப் பனிநாட்டு நகரத்தில், லாசால் பகுதியில் மகளோடு இருக்கிறார். கணவர் அந்தோனியின் முப்பத்தோராம் நாள் பூசை வருகிற ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் கொடுக்கும் நினைவுக் கார்டை எங்களிடம் அடிக்கத் தந்திருந்தார். அச்சடிக்க முன் சரிபார்க்க நான் நீட்டிய புரூஃபைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, செபப் புத்தகத்துக்குள் செருகியிருந்த பழைய நினைவுக் கார்டுகளை எடுத்து, சீட்டு விளையாடுகிறவர் போல ஒவ்வொன்றாகக் கவுண்டரில் போட்டார். எல்லாம் எங்கள் கடையில் அடித்தவை. எல்லாவற்றிலும் நான் எழுதிய ஆங்கில வரிகள்.

“இதிலை ஹோம், றோம். இதிலையும் ஹோம், றோம். இது எங்கடை சந்தியோகு அண்ணையின்ரை, இதிலையும் அதுதான். இப்ப என்ரை மனுசனுக்கும் அதையே தாறியள். செத்தவனுக்கும் பழஞ்சட்டையோ?”

எனக்கு முகம் சுட்டது. ஒருவருக்கு எழுதிய பாட்டை இன்னொருவருக்கு நான் கொடுத்ததே இல்லை. ஆனால் கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது எனக்கே என்மேல் ஐமிச்சமாகத்தான் இருந்தது. முதல் வரி ‘கடவுள் உன்னை ஹோமுக்கு அழைத்தார்’ என்று முடிந்தால், அடுத்த வரி ‘இனி நீ அலையத் தேவையில்லை’ என்று, அலைவது என்ற பொருளில் வரும் றோமில் போய் நிற்கிறது. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வரிகள், எலும்பு மட்டும் ஒன்று.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் புரூஃபில் கையெழுத்து வைக்காமல் எந்த வேலையும் மெஷினுக்குப் போகாது. பிலோமினா அக்கா பேனாவைத் தொடவே இல்லை. தன் மனுசனை இன்னொருவருடைய பாட்டில் அனுப்புவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கார்ட் இல்லாமல் பூசை நடந்தாலும் பரவாயில்லை என்றார்.

2. இடது பக்கம் பாருங்கோ

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று இளம் பிள்ளைகள் கேட்பதுண்டு. நகரத்தின் வில்லரேப் பகுதியில் உள்ள இந்தக் கடையில் நான் சேர்ந்தது தமிழ் டைப் செய்ய. கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு பானர், செத்தவீட்டுக் கார்ட். பிறகு பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, இங்கிலிஷிலும் நாலு வரி போடுங்கோ என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி சிவநேசன் அண்ணை கடையைச் சுற்றிப் பார்த்தார். வாய் ஓயாமல் கதைப்பவள் நான்தான். “கதைக்கிற வாய்க்குப் பாட்டும் வரும்” என்று என் தலையில் கட்டிவிட்டார்.

முதல் பாட்டில் நான் செய்த பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். தேவாரமும் வெண்பாவும் கேட்டு வளர்ந்த காது, ஓசை வரியின் தொடக்கத்தில்தான் பொருந்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டது. நாலு வரிக்கும் முதற்சொல்லை அருமையாக ஓசை ஒத்துப்போகக் கட்டிவிட்டு, கடைசிச் சொற்களை அவை போன போக்கில் விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒருவர் புரூஃபைப் பார்த்து, ரைம் எங்கே என்று கேட்டார். இடது பக்கம் பாருங்கோ என்றேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

பிறகுதான் பழகினேன். சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒவ்வொரு எழுத்தாக வைத்து வாய்க்குள் உருட்டவேண்டும். கண்ணை நம்பக்கூடாது, காதைத்தான் நம்பவேண்டும். இங்கிலிஷ் எழுத்தில், வா என்ற ‘கம்’மும் சில என்ற ‘சம்’மும் ஹோமின் கூடப்பிறந்தவை போல நிற்கும். வாயில் போட்டால் வேறு சாதி. சீப்பு என்ற பொருளில் வரும் ‘கோம்’ எழுத்தில் அந்நியம், ஓசையில் சொந்தம்.

3. கண் வைக்க வந்தவர்

பிலோமினா அக்காவைச் சமாதானப்படுத்த வேறு சொல் போடலாம் என்றேன். ‘லைட்’ என்று முடித்தால் நைட், பிரைட் என்று ஊர்ப்பட்ட சனம் வரும். ‘ரெஸ்ட்’ என்றால் அதற்கும் குறைவில்லை.

“இல்லை. ஹோம் இருக்கவேணும்.”

அங்கேதான் எனக்கு மணி அடித்தது. எல்லாக் கார்டிலும் கிடக்கும் சொல்லைக் குறையும் சொல்கிறார், அதே சொல்லை விடவும் மாட்டாராம். அதோடு கேள்விகள் வேறு. இந்தச் சொற்களை எங்கேயிருந்து எடுக்கிறேன், கொம்பியூட்டர் தானாக எழுதித் தருகிறதா, எந்த வெப்சைட். கேட்டுக்கொண்டே ஃபோனை எடுத்து என் திரையைப் படமும் பிடித்தார். செத்தவீட்டுக்காரர் வழக்கமாக முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா, பெயர் சரியா என்றுதான் பார்ப்பார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் ஒருவர் வந்து எங்கள் சாம்பிள் ஆல்பத்தைப் படம் பிடித்துக்கொண்டு போக, அதே டிசைன் வேறொரு கடைக் கண்ணாடியில் தொங்கியது. சிவநேசன் அண்ணை பேப்பர் எடுக்கிற சாட்டில் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“வதனி, உவ கார்ட் அடிக்க வரேல்லை. கண் வைக்க வந்தவ. ஒண்டையும் காட்டாதை.”

நானும் திரையைக் கொஞ்சம் திருப்பினேன். பிலோமினா அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

“மறைக்கிற கை களவெடுத்த கை எண்டு எங்கடை ஊரிலை சொல்லுறது.”

நான் இப்படிப்பட்ட சொல்லுக்கு மடங்குகிற ஆள். யாராவது நல்ல பழமொழி சொன்னால் கோபம் பாதி போய்விடும். உளவு பார்க்க வந்தவருக்கு இவ்வளவு நல்ல வாய் இருக்குமா என்றும் தோன்றியது. திரையை அவர் பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டேன். சிவநேசன் அண்ணை அங்கிருந்தபடியே இருமினார்.

4. சொந்தமும் அயலட்டையும்

“பாருங்கோ அக்கா. இந்தச் சொல்லுக்குச் சரியான ரைம் இவ்வளவுதான்” என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

ரைம் தேடித் தரும் தளத்தில் ஹோம் என்று தட்டினால் கூடையைக் கவிழ்த்தது போலக் கொட்டும். ஆனால் அள்ளிப் பார்த்தால் சிண்ட்ரோம், குரோமோசோம், ஸ்டைரோஃபோம். இதைப் போட்டு எந்த அப்பாவை அனுப்புவது? மிஞ்சுவது கையளவு. நுரை என்ற ஃபோம், குவிந்த கூரை என்ற டோம், தோட்டத்தில் வைக்கும் குள்ளப் பொம்மை நோம்.

சீப்பு வந்தபோது அவர் சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. “சீப்போ? அந்தாளின்ரை தலையிலை வாருறதுக்கு என்ன கிடந்தது?”

வேதக்காரர்தானே, றோமாபுரியைப் போடலாமா என்றேன். “ஊரிலை மடுக் கோயிலுக்கே திரும்பப் போய்க் கும்பிடக் கிடைக்கேல்லை. றோமுக்கு எங்கை போனவர்? பொய் எழுதாதேங்கோ.”

அதனால்தான் எல்லாரும் அந்த அலைகிற றோமிலேயே வந்து முட்டுகிறார்கள் என்று விளக்கினேன். களவு இல்லை அக்கா, ஹோமுக்கு இரத்த உறவு குறைவு. மற்றதெல்லாம் நியர் ரைம். அலோன், ஸ்டோன், ஃபோன், டோன். கிட்ட வரும், ஆனால் முழுதாகப் பொருந்தாது. ஹோம் என்று சொன்னால் கடைசியில் உதடு மூடும், இவற்றில் மூடாது. செத்தவீட்டுக் கார்டில் பொருந்தாத ரைம் போட்டால் படித்தவர்கள் பிழை பிடிப்பார்கள் என்று பயந்து, நான் அவற்றை இதுவரை தொட்டதில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“செத்தவீட்டுக்குச் சொந்தக்காரர் வந்துதான் சேரவேணும் எண்டில்லை, பிள்ளை. முதல் ஓடி வாறது அயலட்டைதான். தேத்தண்ணி வைக்கிறதும் அவைதான்.”

எனக்கு அந்த இடத்திலேயே எழுதத் தொடங்கவேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்றைக் கேட்காமல் எழுத முடியாது. ஏன் ஹோம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்?

சந்தேகத்தோடு என்னை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் சொன்னார். அந்தோனி ஐயா பாக்டரியில் வேலை செய்தவர். பனிக்காலம் வந்தால், மாலையில் பிரேக் நேரம் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுப்பாராம். சுகம் விசாரிப்பதில்லை. “ஹோம்?” என்று ஒரு சொல் மட்டும் கேட்பார். ஓம் என்றால் டக்கென்று வைத்துவிடுவார். பென்ஷன் எடுத்த பிறகும் விடவில்லை. எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று என்று தெரிந்தால்தான் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பார்.

“அது கடவுள் கூப்பிட்ட ஹோம் இல்லை” என்றார் அக்கா. “அது அவரின்ரை சொல்லு.”

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி, படியில் பனி விழ ஒலிக்கும் ஃபோனில் முடிந்தது. இரண்டாவது, எங்களில் ஒருவரையும் அவர் தனியே விடவில்லை என்று அலோனில். மூன்றாவது, அதே குரலில் இன்னும் கேட்கிறீர்கள் என்று டோனில். நாலாவது அவருக்குப் பதில்: ‘யெஸ் தாத்தா, ஆல் ஒஃப் அஸ் ஆர் ஹோம்.’ மூன்று வரி உதடு மூடாமல் முடிய, நாலாவதில் மட்டும் மூடும். எல்லாரும் உள்ளே வந்தபிறகு கதவைச் சாத்துகிற மாதிரி.

5. பேத்தியிடம் வைத்த சோதனை

நான் நெகிழ்ந்துபோய் நின்றேன். பிலோமினா அக்கா நெகிழவில்லை.

“பொறுங்கோ, சோதிச்சுப் பாப்பம்” என்று பேத்தி கிளாராவுக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். சோதனை இதுதான்: ஒவ்வொரு வரியையும் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துவார். கிளாரா அந்தச் சொல்லை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது கேட்டுப் பழகிய பாட்டு. நான் ஊரூராய் விற்கிற பாட்டு.

முதலில் பழைய புரூஃப். ஹோம் என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரியில் நிறுத்தியதும் அந்தப் பிள்ளை யோசிக்காமலே “றோம்?” என்றது. அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

பிறகு புதியது. முதல் வரிக்குக் கிளாரா “பெல்?” என்றாள். இரண்டாவதும் பிழை. மூன்றாவதுக்கு “ஜெ சே பா, அம்மம்மா”, தெரியாது என்று பிரெஞ்சில் சலித்துக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. நாலாவது வரியை அக்கா தன் மன்னார் இங்கிலிஷில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “யெஸ் தாத்தா, ஆல் ஒஃப் அஸ் ஆர்…”

“ஹோம்” என்றாள் கிளாரா. பாட்டி வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டாள். பிறகு, யாருக்கோ பதில் சொல்வது போல மெதுவாக, “ஹோம், தாத்தா” என்றாள்.

சோதனைப்படி நான் தோற்றுவிட்டேன். அக்கா பேத்தியிடம், பேந்து எடுக்கிறன் என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

“மற்றதெல்லாம் அவளுக்குப் பிழைச்சுது. இது பாட்டிலை இருந்து வந்ததில்லை, அவரிட்டை இருந்து வந்தது” என்றார். பேனாவை எடுத்துப் புரூஃபில் கையெழுத்து வைத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது: பேர்ஃபெக்ட் ரைமை வாசகர் உங்களுக்கு முன்னமே போய் எடுத்துவிடுவார். நியர் ரைமுக்கு அவர் உங்களோடு நடந்து வரவேண்டும். எது சரி என்று சொல்லைக் கேட்காதீர்கள், அந்தச் சொல் யாருடையது என்று ஆளைக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது வாடிக்கையாளர் உங்களைக் கள்ளரைப் போலப் பார்த்தாலும் கோபிக்காதீர்கள். தன் வீட்டு மனுசனை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

கார்டுகள் அடித்து, வெட்டி, பெட்டியில் அடுக்கி அவர் கையில் கொடுத்தேன். பெட்டியோடு வாசலுக்குப் போவார் என்று நினைத்தேன். பிலோமினா அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். கவுண்டர்ப் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். என் கதிரைக்குப் பின்னால் நின்று, அந்தப் பாட்டு இருந்த ஃபைலை நான் அழித்து, கொம்பியூட்டரின் குப்பைக்கூடையையும் காலியாக்கும்வரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.