இடைவேளைக்குப் பின் தெலுங்கு

மாமியாரை ஊருக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கச் சினிமாவுக்குக் கூட்டிப்போன மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு வழி தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

ஹைதராபாத்தில் கொண்டாப்பூரில் அப்போது எங்கள் வீடு. வீட்டுக்காரரும் நானும் வேறு வேறு கம்பெனிகளில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தோம். பையன் பிறந்து, பிரசவ விடுப்பும் தீர்ந்தபோது, கோபியிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். அதற்கு முன்னால் பையனை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுப் பார்த்திருந்தோம். இரண்டாம் நாளே காய்ச்சலோடு திரும்பி வந்தான். என் அம்மாவோ படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை விட்டு ஒரு பொழுதும் நகர முடியாதவர். ஆக, அத்தை இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு சம்பளத்தில் ஓடுகிற குடும்பமும் இல்லை எங்களுடையது.

அத்தைக்கு ஊரில் ஒரு நிமிடம் வாய் சும்மா இருக்காது. பால்காரர், பூக்காரம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் அவர்களுடைய மூன்று தலைமுறைக் கதையையும் வாங்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் அந்த மூன்றாம் மாடி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் காலையில் கிளம்பிவிடுவோம். எதிர்வீட்டில் தெலுங்கு, மாடிவீட்டில் இந்தி, கீழே காவலாளியிடம் இரண்டும். அத்தைக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல் ‘நீளு’. தண்ணீர் லாரி வரும்போது கற்றுக்கொண்டது. நான் வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பிப்பார். எனக்கோ கண் சொக்கும். ‘ம்’ கொட்டுவேன்.

நாளாக ஆக அவர் பேச்சும் குறைந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஒருநாள் பையனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னார்: “கண்ணு, எனக்கு இங்க ஓடவே மாட்டீங்குது. பேசறதுக்கு ஒரு சீவன் இல்ல. வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கிறீங்களா?”

வேறு ஏற்பாடு என்று ஒன்று இருந்தால்தானே பண்ணிக்கொள்வது? 

அப்போதுதான் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் சொன்னாள், செகந்திராபாத்தில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும் தமிழில் ஓடுகிறது என்று. அதே படம் தெலுங்கிலும் வந்திருந்தது. மதியத்திலிருந்து மற்ற காட்சிகளெல்லாம் தெலுங்கு. வாரத்துக்கு ஒரே ஒரு காட்சி நமக்கு. அதற்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் இந்தக் கோடியிலிருந்தும் தமிழர்கள் குடும்பத்தோடு வந்து குவிவார்களாம். அத்தையிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமையே பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். மாதம் ஒரு படம், தியேட்டரில் நாலு தமிழ் முகம், அதில் ஒன்றிரண்டு சிநேகிதம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன். பையனை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

தியேட்டர் வாசலிலேயே அத்தைக்குப் பாதி நோய் தீர்ந்துவிட்டது. எங்கே திரும்பினாலும் தமிழ். “ஏனுங், நீங்க எந்த ஊருங்க?” என்று கேட்டுக்கொண்டே வரிசையில் நகர்ந்தார். திருநெல்வேலிக்காரர்கள், வேலூர்க்காரர்கள், என் வயதில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகப்போகிற பையன்கள். உள்ளே அத்தைக்குப் பக்கத்து இருக்கையில் அவர் வயதிலேயே ஒரு அம்மா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கோயில் முடிந்து நேராக வந்திருந்தார், மடியில் கைக்குட்டையில் சுற்றிய பைபிள். அவருக்கு அந்தப் பக்கம் அவர் பேத்தி, எட்டு வயது இருக்கும். விளக்கு அணைவதற்குள் அத்தை அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டார்.

முதல் பாதியில் நான் படத்தைப் பார்க்கவேயில்லை, அத்தையைத்தான் பார்த்தேன். சிரித்தார். வில்லனைத் திட்டினார். கதாநாயகனின் தங்கச்சி அழுதபோது முந்தானையை எடுத்துக்கொண்டார். ‘இன்னும் ஒரு வருஷம் இருப்பார்’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கதாநாயகனைச் செய்யாத குற்றத்துக்குப் பிடித்துக்கொண்டு போகும்போது இடைவேளை.

இடைவேளையில் முறுக்கு வாங்கித் தின்றோம். மறுபடி விளக்கு அணைந்தது. ஜெயில் கம்பிக்குப் பின்னால் கதாநாயகன் முகம். வாயைத் திறந்தான், தெலுங்கு வந்தது.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. அடுத்து தங்கச்சி பேசினாள், அதுவும் தெலுங்கு. தியேட்டரே எழுந்து நின்றுவிட்டது. விசில், கூச்சல். அடையாள அட்டைப் பையன்கள் முன்னால் ஓடினார்கள். மேனேஜர் வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். இரண்டாம் பாதி ரீல் பெட்டியை அனுப்பினவர்கள் தமிழுக்குப் பதில் தெலுங்குப் பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்களாம். கட்டி வந்த பெட்டியைத் திறந்து பார்க்கிற வழக்கம் கிடையாதாம். இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை, இந்த டிக்கெட்டையே வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்து முழுப்படமும் தமிழில் பார்க்கலாம் என்றார். கையெடுத்துக் கும்பிட்டவரை என்ன செய்வது? பாதிக் கூட்டம் வெளியே போனது. மீதிப் பாதி நகரவேயில்லை. அவர்களெல்லாம் செகந்திராபாத்தின் பழைய தமிழர்கள்.

“கைக்கு, எதுக்கு இவ்ளோ கத்துறாங்க?” என்று பக்கத்து அம்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். “படம் ஓடுதுல்ல? பாஷை மாறுனதையே நான் கவனிக்கலம்மா.”

“எனக்கு ஒண்ணும் புரியாதுங்களே” என்றார் அத்தை.

“டென்ஷன் நக்கோ, வேணாம். நான் சொல்றேன்.”

சொல்லவும் செய்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் அத்தையின் காதருகே குனிந்து தமிழ் சொன்னார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற என் ராசியிலும் இப்படி ஒரு நல்லது நடக்கிறதே என்று நினைத்தேன். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும், வாரம் ஒருமுறை ஆட்டோ வைத்தாவது இரண்டு பேரையும் சந்திக்கவைக்க வேண்டும் என்றெல்லாம் ஓடியது மனசு.

நடுவில் அந்த அம்மா பேத்தியிடம், “தண்ணி குடிக்கிறியா கண்ணா?” என்று கேட்டார்.

“வத்து நானம்மா” என்றது குழந்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னங்க சொல்லுது பாப்பா?” அத்தை கேட்டார்.

“வேணாம் பாட்டின்னு சொல்லுது.”

“தமிழ் பேசாதுங்களா?”

“நம்ம பேசுனா புரியும். அதுக்குப் பேச வராது. இங்கயே பொறந்தது, இஸ்கூல்லயும் தெலுங்கு, தெருவுலயும் தெலுங்கு. என்ன பண்றது?” வருத்தமே இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்ன கதை எதுவும் அத்தையின் காதில் ஏறவில்லை. திரையைப் பார்க்காமல் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்ய முடியும்? பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

ஆட்டோ கிளம்பியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, நான் ஊருக்குப் போறேன். பையனையும் கூட்டீட்டுப் போறேன்.”

“அத்தை, அவன் இன்னும் பால் குடிக்கிறானுங்க.”

“தெரியாதா எனக்கு? நானும் பெத்தவதான். உன்னைய வேலைய உட்டுப்போட்டு வான்னு சொன்னா நல்லா இருக்குமா? இங்க எனக்கும் பேச ஆளில்ல, அவனுக்கும் இல்ல. அங்க நாலு பேரு இருக்கறாங்க. நாளைக்கு என்ற பேரன் என்கிட்டயே வேற பாஷைல வேணாங்கறத நான் கேக்கோணுமா?”

மறுக்க வேண்டுமானால் ‘நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வக்கில்லை. அவர் கேட்டதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை. சண்டை போடுகிற மாமியாராக இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். எங்கள் கம்பெனிகளில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அப்படித்தான் ஊரில் வளர்ந்தார்கள். மேசைமேல் போட்டோ இருக்கும். மற்றவர்கள் மேசையில் பார்த்தபோது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “கொஞ்ச நாளைக்குத்தானே” என்றார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

அந்த வாரமே கொழுந்தனார் வந்து இருவரையும் அழைத்துப்போனார். ரயில் ஏறும்போது பையன் அத்தையின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தை ஜன்னல் வழியாகத் தன் சினிமா டிக்கெட்டை என் கையில் வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. ஜெயிலுக்குப் போன பையன் என்ன ஆனான்னு போன்ல சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டில் உட்கார்ந்திருக்க இருவருக்கும் முடியவில்லை. பையன் பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது அதுதான் முதல்முறை. கை வீசிக்கொண்டு நடந்தோம். இந்த முறை பெட்டி சரியாக வந்திருந்தது. இடைவேளை முடிந்து கதாநாயகன் கம்பிக்குப் பின்னால் நின்று தமிழில் பேசினான். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அப்போது முன்வரிசையில் எவளோ பெற்ற பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது. பசி அழுகை. கேட்ட மாத்திரத்தில் எனக்கு மார் கனத்தது, நிறுத்த முடியவில்லை, ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். என்ன என்று கேட்டவர், பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அத்தையே போன் செய்தார். பின்னால் பையன் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். யாரோ அவனை “ராசா, ராசா” என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“படம் பாத்தீங்களா கண்ணு? கடைசீல என்னாச்சு?”

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க அத்தை” என்றேன். “பையன் பால் குடிச்சானுங்களா?”

“டப்பாப் பால்தான். மொத ரெண்டு நாள் துப்புனான். இப்பக் குடிக்கிறான்.”

“சரிங்க அத்தை” என்றேன்.