உடலைப் பார்க்காமல் இட்ட கையெழுத்து

திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு ஒரே ஒழுங்குதான். விபத்தோ, தற்கொலையோ, நீரில் மூழ்கியதோ, பொலிஸார் அழைத்ததும் போய் முதலில் உடலைப் பார்க்க வேண்டும். பிறகு உறவினரின் வாக்குமூலம். கடைசியில்தான் திகதியும் காரணமும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக, அந்த ஒழுங்கு என் கையில் எப்படிக் கெட்டது என்பதை எழுதுகிறேன்.

1. கல்குடாக் கரை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த நாள். கரையில் கிடத்தியிருந்த முதல் எட்டுப் பேருக்குச் சட்டை நிறம், தழும்பு, மோதிரம் எல்லாம் எழுதினேன். ஒன்பதாவது ஆளோடு தாள் தீர்ந்தது. சார்ஜன்ட் மூக்கைத் துணியால் கட்டியிருந்தார்.

"எழுதினது போதும் ஐயா. இன்னும் ஏத்திக்கிட்டு வாறாங்க. தாக்கச் சொல்லுங்க."

குழி வெட்டிப் புதைத்தோம்.

அடுத்த மாதங்களில், உடல் கிடைக்காதவர்களின் விண்ணப்பங்கள் வந்தன. உறவினரின் சத்தியக்கடதாசி, கிராம சேவகரின் கடிதம், கீழே என் கையெழுத்து. எல்லாவற்றிலும் ஒரே திகதி, ஒரே காரணம். அது செய்யவேண்டிய வேலைதான். ஆனால் உடலைப் பார்க்காமல் எழுத என் கை பழகிவிட்டது.

2. கதிரவெளிப் பெண்

2009இல் போர் முடிந்து சில மாதங்களில், வீட்டுத்திட்டம் ஒன்றுக்குப் பொறுப்பான அதிகாரி தவமணி என்ற பெண்ணை என்னிடம் கூட்டிவந்தார். அவளுடைய கணவன் மீன்காரன். சுனாமி வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, சைக்கிளில் மீன் கொண்டுபோனவனை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிப் போனார்கள். சைக்கிள் மட்டும் கிடைத்தது. வீடு வேண்டுமென்றால் கணவன் வந்து கையெழுத்திட வேண்டும், அல்லது அவனது மரணச் சான்றிதழ் வேண்டும்.

"இவரையும் சுனாமியில போட்டிடுங்க. வான், ஏத்தினது எண்டெல்லாம் எழுதினா ஃபைல் அசையாது" என்றார் அதிகாரி.

"உடல் இல்லையே."

அவர் சிரித்தார். "அண்டைக்கு எத்தனை பேருக்கு உடல் பாத்தா கையெழுத்து வெச்சீங்க? இப்பதான் சட்டம் ஞாபகம் வந்ததாக்கும்!"

பேனாவைத் திறந்தேன். இன்றுவரை எனக்கு ஆத்திரம் அந்த மனிதர்மேல் மட்டுமல்ல, அந்தப் பேனாமேலும்தான். '26' என்று எழுதியும் விட்டேன்.

"நிப்பாட்டுங்க ஐயா" என்றாள் தவமணி. "சுனாமி அண்டைக்கு அவர் எங்க நிண்டவர் தெரியுமா? தென்னையில ஏறி நிண்டு எண்ட மகளை மேல இழுத்தவர். அந்த மனிசனையா கடல் கொண்டுபோனதெண்டு எழுதுறீங்க?"

"வீடு வேணுமா வேணாமா தங்கச்சி?" என்றார் அதிகாரி.

"வேணும். கட்டாயம் வேணும். மழைக்கு ஒழுகுற கொட்டில்லதான் இரிக்கம். அதுக்காக, அவரைக் கொண்டுபோனவனுகளக் கடலுக்குள்ள ஒளிக்க ஏலா."

அந்தத் தாளைக் கிழித்தேன்.

"உங்கட பிடிவாதத்தில இந்தப் பொம்பிளை நனையட்டும்" என்று சொல்லி அதிகாரி எழுந்து போனார். தவமணி போகவில்லை.

"மறுகா எனக்கு ஒரு கடதாசி தாங்க. இவர் செத்தார் எண்டு எழுத ஏலாது எண்டு ஒரு கடதாசி."

அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதினேன்: இவரை உயிருடன் ஏற்றிச் சென்றதாக மனைவி கூறுகிறார். உடல் எதுவும் எனக்குக் காட்டப்படவில்லை. ஆகவே மரண விசாரணை நடத்த முடியாது. திகதி, கையெழுத்து, முத்திரை.

அந்தத் திட்டத்தில் அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. நான் ஓய்வுபெறும்வரை, அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக அவள் ஏறி இறங்கியதை அறிவேன். கண்டதை எழுதுங்கள். காணாவிட்டால், காணவில்லை என்பதையே எழுதி அதற்கு முத்திரை குத்துங்கள். நான் இட்ட கையெழுத்துகளில், உறவுக்காரி ஒருத்தி எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஓம், இது சரி" என்று சொன்னது தவமணிக்கு எழுதிய அந்த ஒன்றுக்குத்தான்.