பென்சில் நின்ற பக்கம்

எங்கள் மனநலப் பிரிவில் அவருக்குத் 'தலையாட்டி அக்கா' என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன். கொஞ்சம்தான். பன்னிரண்டு வருடம் மழலையர் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, மறுபடி படித்து, நாற்பது வயதில் மருத்துவ உளவியல் பயிற்சிக்கு வந்தவர். நான் கல்லூரி முடித்த கையோடு வந்து சேர்ந்தவன். இருவருக்கும் ஒரே மேசை.

உளவியல் சோதனை என்றால் நாலு கேள்வி கேட்டு மார்க் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கையேட்டில் இருக்கும் வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொல்ல வேண்டும். வார்த்தைகளை நொடிக்கு ஒன்றாக வாசிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொன்னது சரியா தப்பா என்பது நம் முகத்தில் தெரியவே கூடாது. அக்காவுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் வரவில்லை. சரியான பதில் வந்தால் தலை தானாக ஆடிவிடும். "உங்க தலைய பீரோல வச்சுப் பூட்டிட்டு வாங்கம்மா," என்று துறைத்தலைவி மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அக்கா வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகினார். அகப்பட்டது அவர் கணவர். எலக்ட்ரீஷியன், பாவப்பட்ட மனிதர். ஒருநாள் அக்காவை அழைத்துப் போக வந்தவர் என்னைத் தனியாக இழுத்துப் போய்ப் புலம்பினார்: "தம்பி, வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா நம்பரெல்லாம் தலைகீழா சொல்லச் சொல்றா. எனக்கு என் போன் நம்பரே மறந்துபோச்சு. நல்லா சொன்னேனான்னு கேட்டா மூஞ்சியில ஒண்ணுமே தெரியல. பயமா இருக்கு!"

மூன்றாம் மாதம் அக்காவின் முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கிரேன் ஆபரேட்டர் வந்தார். இருபது வருடம் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடி. ஐந்து மாதமாக வேலை இல்லை. நினைவாற்றல் சரியாக இருக்கிறது என்று எங்கள் துறை எழுதிக் கொடுத்தால் மறுபடி மேலே ஏறலாம். ஆனால் அவர் தூக்கும் சுமைக்குக் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். சொன்னதை அவர் மறந்தால் அவர்கள் கதி அவ்வளவுதான்.

பயிற்சியை முடிக்க அக்காவுக்குத் தேவைப்பட்ட பத்தாவது, கடைசிச் சோதனை அது. நான் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து வார்த்தைகளை ஐந்து முறை வாசித்தார். அரைமணி நேரம் கழித்துக் கேட்டபோது மனிதர் நாலுதான் சொன்னார். பிறகு முப்பது வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தப் பட்டியலில் இருந்ததா இல்லையா என்று கேட்க வேண்டும். அதில் முப்பதும் சரி! அக்காவின் தலை ஒரு இம்மிகூட அசையவில்லை. 'சோதனை நடத்தியதில் பிழை ஏதும் இல்லை' என்று, பார்த்தவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன்.

"நினைவுல இருக்கு, கொஞ்சம் எடுத்துக் கொடுத்தா வந்துடுது," என்றார் மேடம். வேலைக்குத் திரும்பலாம் என்று அறிக்கை தயாரானது. மறுநாள் காலை ஆபரேட்டர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அன்று சாயங்காலம் அக்கா விடைத்தாளை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஆபரேட்டர் சொன்னதை எல்லாம் அதில் அப்படியே எழுதியிருந்தார். ஒன்பது இடத்தில் 'இல்ல... இல்ல, ஆமா' என்றோ, 'ஆமா... ம்ஹும், இல்ல' என்றோ இருந்தது.

"தம்பி, ஒன்பது தடவை மாத்திச் சொல்லியிருக்காரு. ஒன்பதும் தப்புல இருந்து சரிக்கு மாறியிருக்கு. ஒண்ணாவது சரியில இருந்து தப்புக்கு மாறியிருக்கணும்ல?"

"விடுங்கக்கா, அதிர்ஷ்டம்."

"எதிர்ல உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் சோதனையில் வாசித்தது போலவே வாசித்தார். முகம் சுவர்தான். ஆனால் தாள் மேசையில் விரிந்து கிடந்தது. 'ஆம்' ஒரு பக்கம், 'இல்லை' மறு பக்கம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய பென்சில் முனை சரியான பக்கத்தில் போய்க் காத்துக்கொண்டிருந்தது. அட்டையால் தாளை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். தலையைக் கட்டிப்போட்ட மும்முரத்தில் கையை இருவருமே மறந்துவிட்டோம். என் கையெழுத்து வேறு அதில் இருக்கிறதே!

"யாருக்கும் தெரியாதுக்கா. இதைச் சொன்னா உங்க பத்தாவது கேஸ் போயிடும்," என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தாளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

"கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவர் நேராக மேடம் அறைக்குப் போனார். உள்ளே நடந்தது தாழ்வாரம் வரை கேட்டது. அறிக்கை கிழிந்தது. எனக்கும் தனியாகத் திட்டு கிடைத்தது. அக்கா என்னைவிட இரண்டு மாதம் தாமதமாகத்தான் பயிற்சியை முடித்தார்.

மறுநாள் காலை அறிக்கையை வாங்க ஆபரேட்டர் மனைவியோடு சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏமாத்தணும்னு பண்ணலம்மா. கீழ நின்னு சைகை காட்டுறவன் கையைப் பாத்தே பொழச்சவன் நான். கை எங்க போகுதோ கண்ணும் அங்கதான் போகும்."

கேட்ட வார்த்தைகளையே திரும்பக் கேட்க முடியாது. இப்படிப்பட்ட தேவைக்கென்று அதே அளவில் இன்னொரு பட்டியல் உண்டு. இரண்டு வாரம் கழித்து அதை எடுத்தார்கள். இந்த முறை அட்டை நிமிர்ந்து நின்றது. முதல் வார்த்தைக்கே அவர் கண் பென்சிலைத் தேடியது. கிடைக்கவில்லை. அக்கா முகத்தைத் தேடியது. அங்கேயும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு "தெரியலம்மா, தெரியலம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை. அக்கா ஒவ்வொரு வார்த்தையாக, குரல் மாறாமல், முப்பதையும் முடித்தார். அவருக்கு உள்ளே என்ன பாடு என்பது மேசைக்கு அடியில் இறுகியிருந்த இடது கையைப் பார்த்த எனக்குத்தான் தெரியும்.

ஆபரேட்டரின் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, கிரேன் இப்போதைக்கு முடியாது என்று அக்காவே சொன்னார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆபரேட்டர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். கத்தப் போகிறார் என்று நினைத்து நான் நாற்காலியைத் தள்ளி எழுந்தேவிட்டேன்.

"கீழ கை தெரியலைன்னா சுமைய அப்படியே நிறுத்திடணும்மா," என்றார். "எங்க வேலையில முதல் நாள் சொல்லித் தர்றதே அதான். இன்னைக்கு எனக்குக் கை தெரியல." பிறகு அக்காவை நேராகப் பார்த்துக் கேட்டார்: "சரியாத்தானே சொல்றேன்?"

சோதனை முடிந்திருந்தது. அக்கா அட்டையை மேசையில் வைத்துவிட்டு, கண் கலங்க, தலையை ஆட்டினார்.